காற்று மாற்றமும் காவல் மாற்றமும்

குடியில் விழுந்து, அடிபட்டு, சிகிச்சைக்குச் சென்று திரும்பியிருக்கும் ஓர் இளைஞனைப் பற்றி வீட்டுப் பெரியவர்கள் கூடிப் பேசினால் பெரும்பாலும் இரண்டு முடிவுகளில் ஒன்றுக்கு வந்து சேர்வார்கள். ஒன்று, அவனுக்குப் பெண் பார்ப்பது. மற்றொன்று, அவனை எங்காவது வெளியூர் அழைத்துச் செல்வது. முன்னதைப் பற்றி ஓரளவு பேசப்பட்டிருக்கிறது. முகம் தெரியாத ஒரு பெண்ணின் வாழ்க்கையை மருந்துச் சீட்டாக எழுதிக் கொடுப்பது அயோக்கியத்தனம் என்று ஒப்புக்கொள்ளும் ஒரு சிறு கூட்டமாவது இன்று உண்டு. பின்னதை மட்டும் எவரும் கேள்வி கேட்பதில்லை. வேன் பிடிப்பதும், புளியோதரை கட்டுவதும், பையனை நடுவில் உட்காரவைத்து மலையேறுவதும் அன்பின் செயல்களாகவே கொள்ளப்படுகின்றன. "அவனுக்கு ஒரு சேஞ்ச் வேணும்" என்று யாரோ ஒரு பெரியப்பா சொல்லிவிட்டால் அதற்கு மேல் விவாதம் இல்லை. அந்தச் 'சேஞ்ச்' என்ற சொல்லோடுதான் நமக்கு வழக்கு.

குடிநோயிலிருந்து மீண்டுவரும் இளைஞனோடு பயணம் போகக் கூடாது என்பது நம் கட்சி அல்ல. போகலாம், நன்றாகவே போகலாம். ஆனால் நம் குடும்பங்கள் அவனோடு போவதில்லை, அவனை எடுத்துக்கொண்டு போகின்றன. பெட்டி, ஃப்ளாஸ்க், மாத்திரை டப்பா, பையன் என்று பட்டியலில் நான்காவதாக அவன் ஏற்றப்படுகிறான். சில வேளைகளில் அவன் கைதி. வேறு சில வேளைகளில் பரிசோதனைக்கூடத்து எலி. இப்படியெல்லாம் அவனை ஆக்கிவிட்டு, திரும்பி வந்த மறுவாரம் அவன் குடித்தால், "இவ்வளவு செய்தோமே, நன்றி கெட்டவன்" என்று அவன் தலையிலேயே பழியைப் போடுகிறோம். இந்த அற்பத்தனத்தை எதிர்த்தே இதை எழுதுகிறோம்.

*

இடம் மாறினால் நோய் தீரும் என்ற நம்பிக்கை நமக்கு இரண்டு வழிகளில் வந்து சேர்ந்தது. குலதெய்வக் கோயிலில் கொண்டுபோய்ப் போட்டால் பிடித்தது விலகும் என்பது பழைய வழி. மற்றது வெள்ளைக்காரன் தந்தது. 1819இல் ஜான் சல்லிவன் நீலகிரி ஏறியதற்குப் பிறகு உதகை வளர்ந்தது பெருமளவுக்குச் சமவெளி வெயிலில் நோய்ப்பட்ட ஆங்கிலேயரைத் தேற்றும் இடமாகத்தான். வங்காளத்து நடுத்தர வர்க்கம் அதையே 'ஹாவா பதல்', அதாவது காற்று மாற்றம், என்று பெயரிட்டுக்கொண்டு மதுபூருக்கும் தேவ்கருக்கும் ரயில் ஏறியது. காசநோய்க்கு மருந்தில்லாத காலத்தில் நல்ல காற்றையும் ஓய்வையும் தவிர மருத்துவரிடம் கொடுப்பதற்கு வேறொன்றும் இருக்கவில்லை. அந்த அளவில் அது நியாயமே. ஆனால் காற்று வாங்கப் போனவர்களோடு மதுவும் மலையேறியது. இமயத்துக் கசௌலியில் 1850களிலேயே பியர் ஆலை வந்துவிட்டது. நோயாளியைத் தேற்றிய குளிரே பீப்பாய்க்கும் உகந்ததாக இருந்தது. மலையூர் என்பது குடியிலிருந்து தப்பிச் செல்லும் இடமாக எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

இலக்கிய வாசகருக்கு இன்னொரு நினைவூட்டல். 1917இல் வெளிவந்த சரத்சந்திரரின் தேவதாஸும் உடல் தேறவென்று ஊர் ஊராக அலைந்தவன்தான். துணைக்கு விசுவாசமான வேலைக்காரன் தர்மதாஸ் இருந்தான்; செலவுக்குப் பணமும் இருந்தது. ஊர்கள் மாறின, தேவதாஸ் மாறவில்லை. 1953இல் நாகேஸ்வர ராவ் நடித்த படத்தைப் பார்த்துக் கண்ணீர் சிந்திய தலைமுறை அதன் பாட்டுகளை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டது. அந்தப் பயணங்களின் பயனின்மை எவர் நினைவிலும் தங்கவில்லை.

*

முதலில் உயிராபத்தைப் பேசிவிடுவோம். சிகிச்சைக்கே போகாமல், "பாட்டில் கிடைக்காத இடத்துல நாலு நாள் வெச்சா தன்னால சரியாயிடும்" என்று எஸ்டேட் பங்களாவுக்கோ, சொந்தக் கிராமத்துக்கோ அழைத்துச் செல்லும் குடும்பங்கள் உண்டு. நாள்தோறும் மிகுதியாகக் குடித்துவந்த உடல், மது திடீரென நின்றால் அதைத் தாங்குவதில்லை. கடைசியாகக் குடித்ததற்குப் பின் 6 முதல் 12 மணி நேரத்தில் கைநடுக்கமும் வியர்வையும் படபடப்பும் தொடங்கும். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் மூன்றாம் நாட்களில் சிலருக்குப் பிரமைகளோடு கூடிய சித்தக் கலக்கம் உண்டாகும். கவனிக்காவிட்டால் அது உயிரைக் கொல்லும். இதை மருத்துவக் கண்காணிப்பில், உரிய மருந்துகளோடு கடக்க வேண்டும். கொண்டையூசி வளைவுகளில் ஏறும் வேனில், எலுமிச்சம்பழத்தை முகரக் கொடுத்துக் கடக்க முடியாது. பக்கத்து நகரத்து ஆஸ்பத்திரி இரண்டு மணி நேரத் தொலைவில் இருக்கும் ஓர் இடத்தை, பக்கத்தில் கடையில்லை என்ற ஒரே காரணத்துக்காகத் தேர்ந்தெடுப்பவர்கள் என்ன செய்கிறோம் என்று அறியாமல் செய்கிறார்கள்.

இதைவிடக் கொடியது ரகசிய மருந்து. "அவருக்குத் தெரியாமலே குடியை நிறுத்தலாம்" என்ற விளம்பரங்களைப் பேருந்து நிலையச் சுவர்களில் வாசகர் கண்டிருப்பர். பயணத்தில் எல்லாருக்கும் ஒரே சமையல், ஒரே ஃப்ளாஸ்க் என்பதால் காபியில் கலந்து கொடுக்க இதுவே வாய்ப்பு என்று கருதும் புத்திசாலிகள் இருக்கிறார்கள். இவ்வகையில் கொடுக்கப்படும் டைசல்ஃபிரம் என்ற மாத்திரையின் குணம் டென்மார்க்கில் 1940களின் இறுதியில் அறியப்பட்டது. அதை உட்கொண்டவர் மது அருந்தினால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தியெடுத்து, ரத்த அழுத்தம் வீழ்வார். சிலர் இறந்தும் போவார்கள். கடைசி மாத்திரைக்குப் பின் இரண்டு வாரம் வரைகூட அந்த விளைவு எஞ்சியிருக்கலாம். மருத்துவர் பரிசோதித்து, உட்கொள்பவர் எல்லாம் அறிந்து, தாமே ஒப்பி எடுத்துக்கொண்டால் அது பயனுள்ள மருந்து. அறியாதவனுக்குக் கொடுத்தால் அது விஷம் வைப்பதற்குப் பக்கத்தில் வரும் செயல். தான் எதை உண்கிறோம் என்றே தெரியாத ஒருவன் எதைத் தவிர்க்க முடியும்? உதகைக் கடைகளில் ரம்மும் திராட்சையும் என்று எழுதி விற்கும் சாக்லேட்டில் இருப்பது வெறும் வாசனைதானா, உண்மை மதுவா என்று பார்த்து வாங்க வேண்டியவன் அவன். இருமல் மருந்தின் சீட்டைப் படிக்க வேண்டியவனும் அவனே. அந்த அறிவை அவனிடமிருந்து திருடுவதை அன்பு என்று எப்படிச் சொல்வது?

*

இனி சிகிச்சை முடித்து வந்தவனின் சுற்றுலாவுக்கு வருவோம். எங்கள் உறவில் நடந்ததையே எடுத்துக்கொள்கிறோம். பையனுக்கு வயது 24. விடுதியில் தொடங்கியது வேலைக்குப் போன ஊரில் முற்றியது. ஒரு மையத்தில் ஒரு மாதம் உள்நோயாளியாக இருந்துவிட்டுத் திரும்பினான். திரும்பிய ஏழாவது வாரம் உதகை. 14 பேர், ஒரு வேன், இரண்டு இரவு, மூன்று பகல். வருகிறாயா என்று அவனை எவரும் கேட்கவில்லை. உன் பெயரையும் சேர்த்தாயிற்று என்று சொன்னார்கள். நாங்களும் அந்த வேனில் இருந்தோம். ஆகவே கேள்விப்பட்டதை வைத்து எழுதவில்லை.

மேட்டுப்பாளையம் தாண்டுமுன்பே அவனுடைய பர்ஸ் அவன் அம்மாவின் கைப்பைக்குப் போய்விட்டது. "என்கிட்டயே இருக்கட்டும்ப்பா, கூட்டத்துல தொலைஞ்சிடும்." குன்னூரில் தேநீருக்கு வண்டி நின்றபோது, எட்டு வயதுச் சிறுவர்களுக்கு முன்னால், அம்மாவிடம் கைநீட்டிச் சில்லறை வாங்கினான் அந்த 24 வயது இளைஞன். தாவரவியல் பூங்காவில் அவன் கழிப்பறைக்குப் போனால் சித்தப்பா பின்னாலேயே போனார். தொட்டபெட்டாவில் தொலைநோக்கிக்கு வரிசையில் நின்றபோது அத்தை தோளில் கைபோட்டுப் பேசுவதுபோல் அவன் மூச்சை முகர்ந்து பார்த்தார். அவனும் அதை அறிந்தான், தெரியாததுபோல் சிரித்தான். "தம்பி, எங்கப்பா போற?" என்ற கேள்வி இரண்டாம் நாள் மதியத்துக்குள் எத்தனை முறை கேட்கப்பட்டதென்று எண்ணியிருந்தால் அதுவே அந்தப் பயணத்தின் முழு வரலாறாக இருந்திருக்கும்.

இரவு வந்தது. ஆண்களுக்கென்று ஓர் அறையில் கதவு சாத்தப்பட்டது. பகலெல்லாம் அவனைக் காவல் காத்தவர்களே அந்த அறையில் கூடிக் குடித்தார்கள். அவன் இருக்கும் தளத்தில் இது வேண்டாம் என்று நாங்கள் சொன்னோம். "அவன் பிரச்சனை அவனுக்கு, நாங்க லிமிட்ல இருக்கோம்" என்றார்கள். பத்து மணிக்கு மாமா ஒருவர் கையில் கண்ணாடித் தம்ளரோடு அவனிடம் வந்தார். "டேய் மாப்ள, இது பியர்தான்டா. குளிருக்கு ஒரு கிளாஸ். எங்களோட இருந்து குடிச்சா ஒண்ணும் ஆகாது. ஒளிஞ்சு குடிக்கறதுதான் தப்பு." அவன் வேண்டாம் மாமா என்றான். மறுபடியும் கேட்டார். மறுபடியும் வேண்டாம் என்றான். மூன்றாம் முறை அவன் பதில் சொல்லாமல் எழுந்து, செருப்பு மாட்டிக்கொண்டு, விடுதிக்கு வெளியே போய்ப் பனியில் நின்றான். ஐந்து நிமிடத்தில் அவன் அம்மா படுக்கையில் அவனைக் காணாமல் அலறினார். அறைக் கதவுகள் எல்லாம் திறந்தன. ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள். வாசலில் நின்றவனை இரண்டு பேர் கையைப் பிடித்து உள்ளே அழைத்து வந்தார்கள். குப்பியிலிருந்து தப்பிக்க வெளியே போனவன், குப்பியைத் தேடிப் போனவனாகப் பிடிபட்டான். அவனைப் பிடித்து வந்த இருவரின் மூச்சிலும் மது மணத்தது.

அவன் உதகையில் ஒரு சொட்டும் குடிக்கவில்லை. வீடு திரும்பிய நான்காம் நாள் குடித்தான். சுற்றுலா வெற்றி, பையன்தான் தோற்றுவிட்டான் என்று குடும்பம் முடிவு செய்தது.

*

இதில் புதிர் ஒன்றும் இல்லை. மீண்டவர்கள் மறுபடி ஏன் விழுகிறார்கள் என்று ஆராய்ந்த உளவியலாளர் ஆலன் மார்லட், 1985இல் ஜூடித் கார்டனோடு சேர்ந்து வெளியிட்ட நூலில் ஆபத்தான சூழல்களை வகைப்படுத்தினார். அவற்றில் முதன்மையானவை மூன்று: மனத்தை அழுத்தும் உணர்வுகள், நெருங்கியவர்களோடு மோதல், குடிக்கச் சொல்லி மற்றவர்கள் தரும் நெருக்கடி. நம் குடும்பச் சுற்றுலாவை இந்த அளவுகோலில் வைத்துப் பாருங்கள். அவமானமும் சலிப்பும் பகலெல்லாம். மோதல் மாலையில். தம்ளர் இரவில். மூன்றையும் ஒரே வேனில் ஏற்றி, வெளியேறும் வழியையும் அடைத்து, மூன்று நாள் சுற்றிக் காட்டுகிறோம். இதற்குப் பெயர் 'சேஞ்ச்'.

மார்லட் இன்னொன்றும் சொன்னார். ஒரு முறை சறுக்குவதும் முழுதாக விழுவதும் ஒன்றல்ல. சறுக்கியவன், "எல்லாம் போயிற்று, இனி என்ன இருக்கிறது" என்று நம்பத் தொடங்கும்போதே சறுக்கல் வீழ்ச்சியாகிறது. அந்த நம்பிக்கையை அவன் மனத்தில் விதைப்பவர்கள் யார்? "இவனையெல்லாம் திருத்தவே முடியாது" என்று கூடத்தில் உட்கார்ந்து உரக்கப் பேசுபவர்கள்தாம்.

பியர்தானே என்ற வாதத்தையும் கணக்கோடு முடித்துவிடலாம். நூற்றுக்கு 5 பங்கு மதுவுள்ள 650 மில்லி பியர் பாட்டிலில் ஏறத்தாழ 26 கிராம் சாராயம் இருக்கிறது. 60 மில்லி விஸ்கியில் இருப்பது ஏறத்தாழ 20 கிராம். 8 பங்கு உள்ள 'ஸ்ட்ராங்' பியர் என்றால் ஒரு பாட்டில் இரண்டு லார்ஜுக்குச் சமம். மாமாவின் அன்புக்கு நுரை உண்டு என்பதைத் தவிர வேறு வேறுபாடு இல்லை.

"அவன் ஒருத்தனுக்காக நாங்க எல்லாரும் ஏன் குடிக்காம இருக்கணும்? அவன் உலகத்தோட பழக வேண்டாமா?" என்ற கேள்வியும் வரும். கால் முறிந்து கட்டுப் பிரித்தவனை முதல் வாரமே 14 கிலோமீட்டர் கிரிவலத்துக்கு அழைத்துச் சென்று, நடந்து பழக வேண்டாமா என்று எவரும் கேட்பதில்லை. மூன்று இரவு குடிக்காமல் இருக்க முடியாது என்று ஒரு மாமா அடம்பிடிப்பாரானால், சிகிச்சை யாருக்குத் தேவை என்பதையே மறுபடி யோசிக்க வேண்டியிருக்கும்.

இன்னொன்றும் உண்டு. அவன் ஆண்பிள்ளை என்பதால் வேனிலாவது ஏற்றினார்கள். குடியில் அகப்பட்ட பெண்ணை நம் குடும்பங்கள் சுற்றுலாவுக்கு அழைத்துச் செல்வதில்லை. சிகிச்சைக்கும் அழைத்துச் செல்வதில்லை. அவளை ஒரு அறைக்குள் வைத்து, வெளியில் சொல்லாமல் விடுவதே அவளுக்கு வாய்த்த காற்று மாற்றம்.

*

குடும்பத்தை மட்டும் குற்றம் சொல்லி அரசை விட்டுவிடும் எண்ணம் நமக்கு இல்லை. 1937இல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கிய இந்த மாநிலம், 1971இல் அதை விலக்கி, 1974இல் மறுபடி கொண்டுவந்து, 1981இல் மறுபடி விலக்கி, 2003இல் சில்லறை விற்பனையையே தன் கையில் எடுத்துக்கொண்டது. மதுவிலக்கு தீர்வா என்ற பழைய விவாதத்துக்குள் நாம் போகவில்லை. ஒரே ஒரு திட்டத்தைச் சுட்டுகிறோம். நீலகிரிக் காடுகளில் வீசப்படும் உடைந்த மதுப்புட்டிகள் யானைகளின் காலைக் கிழிக்கின்றன என்ற வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டதால், 2022 மே மாதம் அந்த மாவட்டத்து டாஸ்மாக் கடைகளில் ஒரு நடைமுறை வந்தது. புட்டிக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்குவார்கள். காலிப் புட்டியைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பத்து ரூபாயைத் திருப்பித் தருவார்கள். பின்னர் அது மற்ற மாவட்டங்களுக்கும் பரவியது. நல்ல திட்டம், யானைகளுக்காக நாம் மகிழ்கிறோம். காலியான புட்டி திரும்பி வருவதற்கு ஒரு வழி, ஒரு ஆள், ஒரு விலை எல்லாம் வகுக்கப்பட்டுவிட்டன. அந்தப் புட்டியைக் காலி செய்த பையன் திரும்பி வருவதற்கு?

எய்ம்ஸ் மருத்துவமனை மத்திய அரசுக்காக நடத்தி 2019இல் வெளியான நாடு தழுவிய கணக்கெடுப்பின்படி, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்கே ஏதேனும் ஒரு சிகிச்சை கிடைத்திருக்கிறது. மற்ற 37 பேரின் குடும்பங்களுக்கும் கையில் இருப்பது சத்தியம், கயிறு, மாலை, திருமணம், சுற்றுலா இவ்வளவே. வேறு வழி தெரியாத ஏழைக் குடும்பம் கோயிலுக்கு அழைத்துச் சென்று கயிறு கட்டினால் நாம் ஒரு சொல்லும் சொல்ல மாட்டோம். நம் கோபமெல்லாம் வழி தெரிந்தும், வசதி இருந்தும், மருத்துவர் எழுதிக்கொடுத்ததைப் படிக்காமல் வேனுக்கு முன்பணம் கட்டுபவர்கள் மீதுதான். டி.டி. ரங்கநாதன் பெயரால் அவருடைய மனைவி சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் ஒரு சிகிச்சை மையத்தைத் தொடங்கினார். குடிநோய் குடும்பம் முழுவதையும் பீடிக்கும் நோய், ஆகவே குடும்பத்துக்கும் ஆலோசனை வேண்டும் என்பது அன்றிலிருந்து இங்கே சொல்லப்பட்டுவருகிறது. குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்கென்றே அமெரிக்காவில் 'அல்-அனான்' 1951இல் தோன்றிவிட்டது. எங்கள் உறவுப் பையனின் மையத்திலும் குடும்பத்தாருக்கு வாராந்திரக் கூட்டம் இருந்தது. வேனில் வந்த பெரியவர்களில் ஒருவரும் அதற்குப் போனதில்லை.

*

இதை வாசிக்கும் இலக்கிய அன்பர்கள், இது ஏதோ மாமாக்களைப் பற்றிய கட்டுரை என்று நிம்மதியாக இருந்துவிட வேண்டாம். மலைக்கும் அருவிக்கும் போய்த் தங்கி நடத்தும் நம் இலக்கியச் சந்திப்புகளில் இரவு பத்து மணிக்கு நடப்பது என்ன? விவாதம் பகலோடு முடிந்துவிடும். 'உண்மையான' உரையாடல் பாட்டில் திறந்த பிறகுதான் தொடங்கும் என்றொரு ஐதீகத்தை நாம் வளர்த்து வைத்திருக்கிறோம். அங்கே வரும் 22 வயதுக் கவிஞனிடம், குடிக்க மறுப்பவன் வாழ்க்கைக்கு அஞ்சுபவன் என்ற செய்தி வாய்விட்டுச் சொல்லப்படாமலே போய்ச் சேர்கிறது. மாமா பியரை நீட்டும்போது பாசம் என்கிறார்; நாம் ரம்மை நீட்டும்போது கலகம் என்கிறோம். இரண்டு பேருக்கும் பொறுக்க முடியாதது ஒன்றே: வேண்டாம் என்று ஒருவன் சொல்வது. அவன் மறுப்பு நம் தம்ளரைப் பார்த்துக் கேள்வி கேட்பதுபோல் இருக்கிறது.

பிறகு அந்தக் கவிஞன் நாற்பது வயதுக்குள் ஈரல் அழுகிச் சாவான். நாம் அஞ்சலிக் கட்டுரை எழுதுவோம். அவனுடைய மேதைமையையும் சுய அழிவையும் ஒரே வாக்கியத்தில் கோத்து, ஒன்றில்லாமல் மற்றொன்றில்லை என்பதுபோல் எழுதுவோம். ஊற்றியவர்கள் யார் என்று எந்த அஞ்சலிக் குறிப்பும் சொன்னதில்லை. எழுதுபவர்கள் பெரும்பாலும் அவர்களே என்பது காரணமாக இருக்கலாம்.

*

சரி, எப்படித்தான் அவனோடு போவது? அதற்கும் ஓர் உதாரணம் எங்களிடம் உண்டு.

அதே பையன், மறுபடி சிகிச்சை எடுத்து, ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களுக்கும் போகத் தொடங்கியிருந்தான். கடலைப் பார்க்க வேண்டும் என்று அவனே சொன்னான். நாங்கள் இருவர், அவன் ஒருவன், ஆக மூவர். இடத்தை அவனைத் தேர்ந்தெடுக்கச் சொன்னோம். தரங்கம்பாடி என்றான். டேனியர்கள் 1620இல் கட்டத் தொடங்கிய கோட்டை, கடற்கரை, நாலைந்து தெருக்கள். இரண்டு நாளுக்குப் போதும். வழியையும் அவனே வகுத்தான். "காரைக்கால் பக்கம் போக வேண்டாம். அங்க விலை கம்மி, ரோட்டோரமா வரிசையா கடை இருக்கும். மாயவரத்துல இறங்கி அங்கிருந்து பஸ் பிடிச்சிடலாம்" என்றான். புதுச்சேரி ஆட்சிக்குட்பட்ட காரைக்கால் அங்கிருந்து சில கிலோமீட்டர்தான். எந்தத் தெருவில் எந்தக் கடை, எத்தனை மணிக்குத் திறக்கும் என்ற வரைபடம் முழுவதும் அவன் தலைக்குள் இருக்கிறது. அந்த வரைபடத்தைக் கொண்டு விலகிப் போகவும் முடியும். அவனைக் கேட்காமல் திட்டம் போடும் பெரியவர்கள், அந்தக் கூட்டத்திலேயே விஷயம் தெரிந்த ஒரே ஆளை ஒதுக்கிவைத்துவிட்டுத் திட்டம் போடுகிறார்கள்.

பர்ஸ் அவனிடமே இருந்தது. அறைச் சாவி அவனிடமும் ஒன்று இருந்தது. எப்போது வேண்டுமானாலும் பயணத்தை முடித்துக்கொள்ளலாம், காரணம் கேட்க மாட்டோம் என்று புறப்படும்போதே சொல்லியிருந்தோம். நாள்தோறும் மாலையில் தன் கூட்டத்து நண்பர் ஒருவரோடு தொலைபேசியில் பத்து நிமிடம் பேசினான். என்ன பேசினான் என்று நாங்கள் கேட்கவில்லை. இரண்டாம் நாள் மாலை தனியாகக் கடற்கரைக்குப் போனான். ஒன்றரை மணி நேரம் கழித்து வந்தான். அந்த ஒன்றரை மணி நேரம் எங்களுக்கு எளிதாகக் கழிந்தது என்று பொய் சொல்ல மாட்டோம். ஆனால் அந்தத் தவிப்பு எங்களுடையது. அதைச் சுமக்க வேண்டியவர்களும் நாங்களே. நம் அச்சத்தைத் தீர்த்துக்கொள்வதற்காக அவன் மூச்சை முகர்வது, நம் மூட்டையை அவன் முதுகில் ஏற்றுவதாகும்.

அந்தப் பயணத்தால் அவன் குணமாகிவிட்டான் என்று எழுதினால் நாமும் அந்தப் பெரியப்பாக்களின் கட்சியில் சேர்ந்துவிடுவோம். சில மாதங்களுக்குப் பின் ஒரு முறை குடித்தான். மறுநாள் காலை ஆறு மணிக்கு எங்களைத் தொலைபேசியில் அழைத்து, "நேத்து குடிச்சுட்டேன். இப்ப சென்டருக்குப் போயிட்டிருக்கேன்" என்றான். உதகைக்குப் பிறகு குடித்தபோது அதை ஒரு மாதம் ஒளித்து வைத்திருந்தான். இந்த இரண்டுக்கும் இடையில் உள்ள தூரத்தைத்தான் நாம் முன்னேற்றம் என்கிறோம். உண்மையைச் சொன்னால் கை பிடித்து இழுக்கப்பட மாட்டோம் என்று நம்பும் ஒருவனே உண்மையைச் சொல்வான். காவலின் முதல் விளைச்சல் பொய். பொய்யின் நிழலில்தான் குடி வளர்கிறது. குடிநோயாளிகள் பொய்யர்கள் என்று சலித்துக்கொள்ளும் குடும்பங்கள், பொய்யைத் தவிர வேறெதற்கும் அவர்களுக்கு இடம் விட்டோமா என்று தம்மைக் கேட்டுக்கொள்வதில்லை.

ஆகவே, வரும் கோடை விடுமுறைக்கு வேன் பேசப் போகும் பெரியவர்களுக்கு நாம் சொல்வது இவ்வளவே. சிகிச்சை பெறாதவனை மலைக்கு அழைத்துச் செல்லும் முன் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். சிகிச்சை பெற்றவனிடம், வருகிறாயா என்று கேளுங்கள். வரவில்லை என்று சொன்னால் அதை ஒரு பதிலாக ஏற்றுக்கொள்ளுங்கள். வருகிறேன் என்றால் எங்கே, எத்தனை பேர், எத்தனை நாள் என்பதை அவன் சொல்லட்டும். பர்ஸைத் தொடாதீர்கள். காபியில் எதையும் கலக்காதீர்கள். அந்த மூன்று நாளும் குடிக்காமல் இருக்க உங்களால் முடியாதென்றால் அவனை விட்டுவிட்டுப் போங்கள். அவனுக்கு நீங்கள் செய்யக்கூடிய பேருதவி அதுவாகவே இருக்கும். இவ்வளவுக்குப் பிறகும் ஒரு மாமா நுரை ததும்பும் தம்ளரோடு வந்து நிற்பாரானால், "வேண்டாம் என்று அவன் சொல்லிவிட்டான்" என்று அவனுக்குப் பக்கத்தில் நின்று சொல்ல அந்த வேனில் ஒருவராவது இருங்கள்.